கடைமடைக்கு எட்டும் காற்று

2007 மே 23. எவரெஸ்ட் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஆய்வுக் குழுவினர் நான்கு பேர் 8400 மீட்டர் உயரத்தில் நின்று ஆக்சிஜன் முகமூடிகளைக் கழற்றினார்கள். கொஞ்ச நேரம் அந்த மலைக்காற்றையே சுவாசித்தார்கள். பிறகு கனத்த உடைகளைத் தளர்த்தி, தொடையிடுக்கில் ஓடும் தமனியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். எடுத்த ரத்தத்தை ஒரு ஷெர்பா 2000 மீட்டர் கீழே இருந்த முகாமுக்கு இறக்கிக் கொண்டுபோனார். இரண்டு மணி நேரத்துக்குள் அது ஆய்வுக் கருவிக்குள் இருந்தது.

ஆரோக்கியமான ஒருவரின் தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 80 முதல் 100 மி.மீ. பாதரசம் இருக்கும். இந்த நால்வரின் சராசரி 24.6. ஒருவருக்கு 19.1. கீழே எந்த ஊர் மருத்துவமனையிலும் இந்த எண்ணைப் பார்க்கிற டாக்டர், சாகக் கிடக்கும் நோயாளியுடையது என்றுதான் முடிவுகட்டுவார். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கி, 94-க்குக் கீழே இறங்கினால் பதறினோமே, அந்தக் கணக்கில் இவர்களுடைய சராசரி 54. ஆனாலும் அவர்கள் தங்கள் கால்களாலேயே நடந்து இறங்கினார்கள்.

மேலே போகப் போக ஆக்சிஜன் குறைகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். சதவீதம் குறைவதில்லை. மெரினாவிலும் எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறக்குறைய 21 சதவீதம்தான். குறைவது காற்றின் மொத்த அழுத்தம். கடல் மட்டத்தில் அது 760 மி.மீ. பாதரசம். 1981-ல் கிறிஸ் பிஸ்ஸோ என்ற அமெரிக்க மருத்துவர் உச்சிக்கே அளவுகருவியைக் கொண்டுபோய் அளந்தபோது 253 காட்டியது. மூன்றில் ஒரு பங்கு. அழுத்தத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்றால், நம் உடலுக்குள் ஆக்சிஜனுக்குத் தெரிந்த நகர்வு ஒன்றே ஒன்று: அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு. சோடியத்தையும் குளுக்கோஸையும் செல்கள் வேண்டுமானால் சரிவுக்கு எதிராக ஏற்றிக்கொள்ளும். ஆக்சிஜனை ஏற்ற நம் உடலில் எந்தப் பொறியும் இல்லை. அது இறங்கத்தான் செய்யும்.

டெல்டாவில் விவசாயம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது செய்தித்தாளுக்கு. கடைமடைக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதுதான் பயிருக்கு. உடலில் கடைமடை என்பது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. ஆற்றல் அங்கேதான் உண்டாகிறது. நுரையீரலிலும் இல்லை, இதயத்திலிருந்து பாயும் ரத்தத்திலும் இல்லை. வெளிக்காற்றில் 160 மி.மீ. அழுத்தத்தோடு கிளம்பும் ஆக்சிஜன், நுரையீரலின் நுண்ணறைகளில் 100 ஆகி, உழைக்கும் தசையை விட்டுப் புறப்படும் ரத்தத்தில் 40-க்கும் கீழே போய், மைட்டோகாண்ட்ரியாவை அடையும்போது ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. அங்கே 1 மி.மீ. இருந்தாலே வேலை நடக்கும். எவரெஸ்ட் உச்சியில் இந்தப் பயணம் தொடங்குவதே மூச்சுக்குழாயில் சுமார் 43 மி.மீ.-லிருந்து. இருக்கும் சரிவு கொஞ்சம். அதில் எந்தக் கட்டத்திலும் வீணாக்க முடியாது.

அதே இமயத்தை ஆண்டுக்கு இரண்டு முறை தாண்டுகிற பறவை ஒன்று உண்டு. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் கொண்ட வரித்தலை வாத்து. மங்கோலியாவிலும் திபெத்திலும் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இந்தியா வருகிறது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் அதைப் பார்க்கலாம். நடந்து ஏறுகிற மனிதன் அங்கே நாலடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறான். இது சிறகடித்துப் பறக்கிறது. சிறகடித்துப் பறப்பதற்கு, சும்மா இருக்கும்போது செலவாவதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் ஆக்சிஜன் வேண்டும். மூச்சிலிருந்து மைட்டோகாண்ட்ரியா வரை அதன் உடலையும் நம் உடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உயிரினங்கள் ஆற்றல் பெறும் விதம் பாடப்புத்தகப் படத்தைவிடத் தெளிவாகத் தெரியும் என்பது என் நம்பிக்கை.

மூச்சிலிருந்து தொடங்கலாம். நாம் சாதாரணமாக உள்ளிழுப்பது அரை லிட்டர். ஆனால் வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் இரண்டரை லிட்டர்போலப் பழைய காற்று தங்கியிருக்கிறது. புதுக் காற்று அதில் போய்க் கலக்கிறது. 160 இருந்தது 100-க்கு விழுவதற்கு முக்கியக் காரணம் இந்தக் கலப்படமும் காற்றில் சேரும் ஈரமும்தான். வழி ஒன்றே, அதிலேயே உள்ளே, அதிலேயே வெளியே.

பறவைகள் இந்தச் சிக்கலையே வைத்துக்கொள்ளவில்லை. அவற்றின் நுரையீரல் விரிந்து சுருங்குவதில்லை. உடலெங்கும் பரவியிருக்கும் காற்றுப்பைகள் விரிந்து சுருங்கி, நுரையீரல் வழியாகக் காற்றை ஒரே திசையில் தள்ளுகின்றன. உள்ளிழுத்த காற்றில் பெரும்பகுதி முதலில் பின்பக்கப் பைகளுக்குப் போகிறது, மூச்சு விடும்போது அது நுரையீரலுக்குள் நுழைகிறது, அடுத்த மூச்சில் முன்பக்கப் பைகளுக்கு, அதற்கடுத்துத்தான் வெளியே. ஒரு மிடறு காற்று உள்ளே வந்து வெளியேற இரண்டு மூச்சுகள். இதனால் பறவை மூச்சை இழுத்தாலும் விட்டாலும் நுரையீரலில் புதுக் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. வரித்தலை வாத்துக்கு இந்த நுரையீரலும் அதன் உடல் அளவுக்கு மற்ற வாத்துகளுடையதைவிடப் பெரிது. காற்று மெலிந்தால் அது வேகத்தைவிட ஆழத்தைக் கூட்டி மூச்சு வாங்குகிறது.

மூச்சைக் கூட்டுவதில் நமக்கு ஒரு தொல்லை உண்டு. வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறிவிடும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும். பிஸ்ஸோ எவரெஸ்ட் உச்சியில் தன் நுரையீரல் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 7.5 மி.மீ. கீழே நமக்கு 40. இவ்வளவு குறைந்தும் அவர் நினைவோடு இறங்கி வந்தார் என்பது பல வாரங்கள் மலையில் தங்கிப் பழகியதன் பலன். வாத்துக்கு இந்தப் பழக்கமெல்லாம் வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு குறைந்தாலும் அதன் மூளைக்கு ரத்தம் குறைவதில்லை.

அடுத்தது ரத்தம். தண்ணீரில் ஆக்சிஜன் கரைவது மிகச் சொற்பம். ஒரு லிட்டர் ரத்தத்தின் திரவப் பகுதியில் கரைந்து வருவது 3 மில்லிலிட்டர்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதருக்கே நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வேண்டும். கரைந்து வருவதை மட்டும் நம்பியிருந்தால், கடைசிச் சொட்டு ஆக்சிஜனையும் பிழிந்து எடுத்தாலும், இதயம் நிமிடத்துக்கு 80 லிட்டருக்கு மேல் ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கும். அது தள்ளுவது 5 லிட்டர். இடைவெளியை அடைப்பது சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின். அதனால்தான் ஒரு லிட்டர் ரத்தம் 200 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கிறது.

ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது என்பதோடு நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாகும். பற்றுவது சுலபம், சரியான இடத்தில் விடுவதில்தான் திறமை. ஒரு மூலக்கூறில் இரும்பு அணுக்கள் நான்கு. முதல் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டதும் மூலக்கூறின் வடிவமே சற்றுத் திரும்பி மற்ற மூன்றுக்கும் இடம் இளகிக்கொடுக்கும். உழைக்கும் தசையில் சூடும் அமிலமும் கூடியிருக்கும். அங்கே பிடி தளர்கிறது. எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அதிகம் இறங்குகிறது. இந்த மூலக்கூறின் வடிவத்தைக் கேம்பிரிட்ஜில் இருந்துகொண்டு எக்ஸ் கதிர்களால் துப்புத் துலக்கியவர் மாக்ஸ் பெரூட்ஸ். தொடங்கியது 1930-களில், 1962-ல் நோபல் பரிசு. அவரே 1983-ல் வரித்தலை வாத்தின் ஹீமோகுளோபினைப் பற்றி ஓர் ஊகத்தை வைத்தார். நெருங்கிய உறவான சாம்பல் வாத்துடன் ஒப்பிட்டால் அதில் ஒரு சில அமினோ அமிலங்கள்தான் மாறியிருக்கின்றன. அவற்றில் ஒன்று, ஆல்ஃபா சங்கிலியின் 119-வது இடத்தில் புரோலினுக்குப் பதிலாக அலனின். அந்த ஒரு மாற்றமே பிடியை இறுக்கப் போதும் என்றார். 1991-ல் மனித ஹீமோகுளோபினில் அதே இடத்தில் அதே மாற்றத்தைச் செய்து பார்த்தார்கள். ஆக்சிஜன் மீதான பிடி கூடியது.

மனித மலையேறிகள் வேறு வழியில் போகிறார்கள். பிடியைப் பெரிதாக மாற்ற அவர்களால் முடியாது. சிவப்பணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். 2007 குழுவின் ரத்தத்தில் 7100 மீட்டர் வரைக்கும் ஒரு லிட்டரில் இருந்த ஆக்சிஜனின் மொத்த அளவு கடல் மட்டத்தில் இருந்ததைப் போலவே இருந்தது. அழுத்தம் விழுந்ததை எண்ணிக்கை ஈடுகட்டியது. 8400-ல் அது 26 சதவீதம் சரிந்தது. சைக்கிள் பந்தயக்காரர்கள் சிலர் சிவப்பணுக்களைப் பெருக்கும் மருந்தை ஊசி போட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டார்களே, அவர்கள் திருடியதும் இதே ரகசியத்தைத்தான். ஆனால் அணுக்கள் கூடக் கூட ரத்தம் கெட்டிப்படும், இதயத்துக்குச் சுமை ஏறும். வாத்து தேர்ந்தெடுத்த வழிதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. அது தேர்ந்தெடுக்கவில்லை, தலைமுறை தலைமுறையாகச் சலித்து எடுக்கப்பட்டது என்பதும் தெரியும்.

இனி இதயம். அது இல்லாமல் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டால்தான் அதன் அருமை தெரிகிறது. ஆக்சிஜன் தானாகப் பரவுவதற்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். செல் ஒன்றின் குறுக்களவான நூற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டக் கண் சிமிட்டும் நேரம்கூட வேண்டாம். ஒரு மில்லிமீட்டருக்கு நாலைந்து நிமிடம். ஒரு சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம். நெஞ்சிலிருந்து பாதம் வரை, சுமார் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், எட்டு ஆண்டு. ஆகவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த எந்த விலங்குக்கும் ஏதாவது ஓட்டம் தேவை. தட்டைப்புழுக்கள் மெல்லிசாகவே இருந்து பிழைத்துக்கொண்டன. பூச்சிகள் காற்றையே குழாய்கள் வழியாகச் செல்லின் வாசலுக்குக் கொண்டுபோய்விட்டன. அவற்றின் ரத்தத்துக்கு ஆக்சிஜன் சுமக்கும் வேலை பொதுவாக இல்லை. நமக்கும் வாத்துக்கும் வாய்த்தது நான்கு அறைகள் கொண்ட ஒரு தசை.

அது நிமிடத்துக்கு 70 முறை துடித்து, ஒவ்வொரு முறையும் 70 மில்லிலிட்டர் தள்ளுகிறது. நாளொன்றுக்கு லட்சம் துடிப்பு. 1628-ல் வில்லியம் ஹார்வி இதைவிடக் குறைவான எண்களை வைத்துக்கொண்டு ஒரு பெருக்கல் கணக்குப் போட்டார்: அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் ரத்தம் உடலில் இருக்கும் மொத்த ரத்தத்தையும் மிஞ்சிவிடுகிறது. அவ்வளவு ரத்தத்தைக் கல்லீரல் புதிது புதிதாகச் செய்துகொண்டிருக்க வாய்ப்பில்லை. ஆகவே அதே ரத்தம்தான் சுற்றி வருகிறது. தமனியிலிருந்து சிரைக்கு அது எப்படித் தாவுகிறது என்பதை அவர் கண்ணால் பார்க்கவில்லை. 1661-ல் மல்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துத் தந்துகிகளைக் கண்டபோது ஹார்வி இறந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது.

உடலுக்கெல்லாம் அனுப்பும் இதயம் தனக்கு எடுத்துக்கொள்வது எப்படி? தன் அறைகளில் நிரம்பி வழியும் ரத்தத்திலிருந்து அதற்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. பெருந்தமனி தொடங்கும் இடத்தில் பிரியும் இரண்டு சிறு தமனிகள்தான் அதற்குப் படியளக்கின்றன. உடலின் மற்ற பகுதிகள், நாம் ஓய்வாக இருக்கும்போது, வரும் ஆக்சிஜனில் கால் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகின்றன. இதயத் தசை ஓய்விலேயே 70 சதவீதத்துக்குக் குறையாமல் உறிஞ்சிவிடுகிறது. கால் தசைக்கு ஓட்டத்தின்போது இன்னும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளக் கையிருப்பு உண்டு. இதயத்துக்குக் கிட்டத்தட்ட இல்லை. கூடுதல் வேலை என்றால் கூடுதல் ரத்தம் வந்தே ஆகவேண்டும். அந்தச் சிறு தமனி கொழுப்பால் குறுகியிருப்பவருக்கு மாடிப்படி ஏறும்போது மட்டும் நெஞ்சை அழுத்துவது இதனால்தான்.

கடைசிக் கட்டத்துக்கு வருவதற்கு அறிவியலுக்கு நூறு ஆண்டு பிடித்தது. சுவாசமும் எரிதலும் ஒரே வேதிவினை என்று 1780-களில் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் கினிப்பன்றியை வைத்துக் காட்டியவர் லவாய்சியே. ஆனால் அந்த எரிதல் நுரையீரலில் நடக்கிறது என்று அவர் நினைத்தார். உடலின் சூடு முழுவதும் அங்கேதான் பிறக்கிறது என்றால் நுரையீரல் வெந்துபோகாதா என்று கணித மேதை லக்ராஞ்சு கேட்டதாகச் சொல்வார்கள். 1837-ல் குஸ்தாவ் மாக்னஸ் தமனி, சிரை இரண்டின் ரத்தத்திலும் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் இருப்பதை அளந்து காட்டினார். எரிதல் மெல்ல மெல்ல நுரையீரலை விட்டு ரத்தத்துக்கும், ரத்தத்தை விட்டுச் செல்லுக்கும் இடம்பெயர்ந்தது.

செல்லுக்குள் நடப்பதைப் பற்றிப் பள்ளியில் படித்துவிட்டுப் பலரும் ஒரு தவறான எண்ணத்தோடு வெளியேறுகிறோம்: உள்ளிழுத்த ஆக்சிஜன் உணவிலுள்ள கார்பனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகி வெளியே வருகிறது என்று. அப்படி இல்லை. நாம் விடும் கார்பன் டை ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன், உணவிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தது. உள்ளிழுத்த ஆக்சிஜன் வேறு காரியத்துக்குப் போகிறது. உணவிலிருந்து உரித்தெடுத்த எலெக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஒரு புரதத்திலிருந்து இன்னொரு புரதத்துக்குக் கைமாறி வருகின்றன. வரிசையின் கடைசியில் அவற்றை வாங்கிக்கொள்ள யாராவது வேண்டும். அந்த வேலைதான் ஆக்சிஜனுக்கு. வாங்கிக்கொண்டு, ஹைட்ரஜனோடு சேர்ந்து, தண்ணீராகிவிடுகிறது. எலெக்ட்ரான்கள் இறங்கி வரும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான்கள் குவிக்கப்படுகின்றன; அவை திரும்பி வரும் வழியில் ஒரு புரதத்தைச் சுழற்றுகின்றன; அந்தச் சுழற்சியில் ஏ.டி.பி. உருவாகிறது. புரோட்டான் குவிப்புதான் ஏ.டி.பி.யை உருவாக்குகிறது என்று 1961-ல் பீட்டர் மிட்செல் சொன்னபோது பெரும்பாலோர் நம்பவில்லை. 1997-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தப் புரதம் சுழல்வதை நுண்ணோக்கியில் நேராகவே பார்த்தார்கள்.

ஏ.டி.பி.தான் செல்கள் செலவழிக்கும் ஆற்றல். எந்த நேரத்திலும் உடலில் இருப்பது நூறு கிராம் அளவுக்குத்தான். ஆனால் ஒவ்வொரு மூலக்கூறும் உடைந்து, திரும்ப உருவாகி, நாள் முழுக்கச் சுழல்வதால், ஒரு நாளில் உருவாகும் மொத்தம் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு வரும். 1929-ல் இரண்டு இடங்களில் இதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமான். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் அணிந்து போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ்.ஸோடு வெளியேறியவர்.

கடைமடை அடைபட்டால் என்ன ஆகும் என்பதை சயனைடு காட்டுகிறது. எலெக்ட்ரானை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும் கடைசிப் புரதத்தில் போய் அது உட்கார்ந்துகொள்ளும். நுரையீரல் நன்றாக இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும். இதயம் தொடக்கத்தில் துடித்துக்கொண்டுதான் இருக்கும். செல்கள் எடுத்துக்கொள்ளாததால் சிரை ரத்தம்கூடத் தமனி ரத்தம்போல் சிவப்பாகவே திரும்பும். அந்தச் சிவப்போடு ஆள் இறந்துவிடுவார்.

வரித்தலை வாத்தின் பறக்கும் தசையைப் பார்த்தவர்கள் இந்தக் கடைசிக் கட்டத்திலும் மாற்றங்களைக் கண்டார்கள். தசை நார்களைச் சுற்றித் தந்துகிகள் அதிகம். மைட்டோகாண்ட்ரியாவும் நாரின் நடுவில் இல்லாமல் விளிம்பை நோக்கி, தந்துகிக்குப் பக்கத்தில் நகர்ந்திருக்கிறது. சில மைக்ரான் தூரம்தான் மிச்சம். சரிவே கொஞ்சமாக இருக்கும் இடத்தில் அது பெரிய மிச்சம். இடது இதயத் தசையிலும் தந்துகிகள் நெருக்கமாக இருக்கின்றன.

ஜெசிகா மெய்ர் என்ற உடலியல் ஆய்வாளர் இந்த வாத்துகளை முட்டையிலிருந்து வந்த நாள் முதல் தானே வளர்த்தார். அவரையே தாயாக நினைத்து அவை பின்னால் சுற்றின. பெரிதானதும் கனடாவில் ஒரு காற்றுச் சுரங்கத்தில் அவற்றுக்கு முகமூடி மாட்டிப் பறக்கவிட்டு, ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்தார்கள். கடைசியில் 7 சதவீதம். அது 9000 மீட்டர் உயரத்துக்குச் சமம். எல்லோரும் எதிர்பார்த்தது இதயம் தறிகெட்டு அடிக்கும் என்று. துடிப்பு ஏறக்குறைய முன்பிருந்தபடியே இருந்தது. பறவைகள் செலவைக் குறைத்துக்கொண்டன. சிரையில் ஓடிய ரத்தமும் குளிர்ந்தது. குளிர்ந்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் நுரையீரலில் கூடுதலாகப் பற்றிக்கொண்டு, சூடான தசையில் கூடுதலாக விடும். அந்த ஆய்வு 2019 செப்டம்பரில் வெளிவந்தபோது மெய்ர் விண்வெளி வீராங்கனை ஆகியிருந்தார். அதே மாதம் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பினார்.

இந்த வாத்துகள் எவரெஸ்டுக்கு மேலேயே பறக்கும் என்று எழுதுவது வழக்கம். மலையேறிகள் சொன்ன கதைகள்தான் அதற்கு ஆதாரம். செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில் பதிவான அதிகபட்ச உயரம் 7290 மீட்டர். பெரும்பாலான நேரம் அவை 6000-க்குக் கீழேயே இருந்தன. மங்கோலியாவில் சில வாத்துகளின் உடலுக்குள் சிறு பதிவுகருவிகளை வைத்து அனுப்பினார்கள். பறக்கும்போது இதயத் துடிப்பின் சராசரி நிமிடத்துக்கு 328. காற்று மெலிந்த உயரத்தில் சிறகை வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. சிறகடிப்பு 5 சதவீதம் கூடினால் இதயத் துடிப்பு 19 சதவீதமும், செலவாகும் திறன் 41 சதவீதமும் ஏறுகின்றன என்று கணக்கிட்டார்கள். ஆகவே அவை ஒருமுறை ஏறிய உயரத்தைக் காப்பாற்றிக்கொண்டு நேர்கோட்டில் போவதில்லை. மலை எழும்பும் இடத்தில் எழும்பி, பள்ளத்தாக்கு வந்ததும் அடர்ந்த காற்றுக்கு இறங்கி, அடுத்த மலைக்கு மறுபடி ஏறுகின்றன. பாடுபட்டு ஏறிய உயரத்தை நூற்றுக்கணக்கான மீட்டர் விட்டுக்கொடுத்துவிட்டுத் திரும்ப ஏறினாலும், மேலேயே பறந்துகொண்டிருப்பதைவிட மொத்தச் செலவு குறைவு.